ஒரு கீற்றுப் பனியைத் திறந்து தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

பனிச்சறுக்குப் பருவத்தின் முதல் நாளில் எங்கள் சிறு மலையில் திறந்திருந்தது ஒரே ஒரு சரிவு, ஆட்களைக் கம்பியில் தொங்கும் இருக்கைகளில் மேலே ஏற்றும் ஒரே ஒரு சேர்லிஃப்ட். இரு பக்கமும் பழுப்பேறிய புல். நடுவில் வேட்டியை விரித்துப் போட்டதுபோல் ஒரு நீளப் பனி. உயரமான மலைகளுக்கு வானம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. தாழ்ந்த சிறு மலைக்கு அந்த வசதி கிடையாது. இங்கே பருவத் தொடக்கத்தில் காலுக்கடியில் இருக்கும் பனி முழுக்க ஆட்கள் செய்தது. அந்த ஆட்களுக்குத்தான் இந்த மடல். "அனைவருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடிக்க மனம் வரவில்லை. யாருக்கு, எந்த வேலைக்கு, அது ஏன் பெரிய வேலை என்று சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி கோடையில் சரிவில் புல் வெட்டியவர்களுக்கு. அப்போது அங்கே சறுக்குபவர் யாரும் இல்லை, பார்த்துப் பாராட்டவும் ஆள் இல்லை. ஆனால் புல்லை ஒட்ட வெட்டி, கற்களைப் பொறுக்கி, குட்டையான அடிமரங்களைத் தரையோடு அறுத்துவிட்ட சரிவில் 30 செ.மீ. இறுகிய பனி இருந்தாலே சறுக்கலாம். கல்லும் வேரும் துருத்தி நிற்கும் சரிவுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. என்றால் 3,000 கன மீட்டர் பனி. இயந்திரத்தால் செய்த பனி ஒரு கன மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ எடை இருக்கும். ஆகவே 1,200 முதல் 1,500 கன மீட்டர் தண்ணீரை மலைமேல் ஏற்றியாக வேண்டும். தடிமன் இரட்டிப்பானால் தண்ணீர், மின்சாரம், குளிரான இரவுகள் எல்லாமே இரட்டிப்பு. குளிரான இரவை விலைக்கு வாங்க முடியாது. கோடையில் கற்களை அப்புறப்படுத்தியது இரண்டு மூன்று நாள் முன்னதாகத் திறக்க உதவியது என்றே நினைக்கிறோம். குறுக்கு வடிகால்களைத் தூர்வாரியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடைத்த வடிகாலிலிருந்து வழியும் நீர் பனியை அடியிலிருந்து அரிக்கும். மேலே பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும், கால் வைத்தால் உள்வாங்கும்.

அடுத்தது, தண்ணீரை நுண்துளிகளாகக் காற்றில் பீய்ச்சிப் பனியாக்கும் ஸ்னோ கன்களோடு இரவு முழுக்க நின்ற பனித் தயாரிப்புக் குழுவினருக்கு. இந்த மடலில் பெரும்பகுதி உங்களுக்கே உரியது.

வெப்பமானி சுழியத்துக்குக் கீழே போனால் பனி செய்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நீங்கள் பார்ப்பது ஈரக்குமிழ் வெப்பநிலையை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை. ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. துளி காற்றில் மிதக்கும் சில நொடிகளுக்குள் அந்த வெப்பத்தைக் காற்று வாங்கிக்கொள்ள வேண்டும். உலர்ந்த காற்றில் துளியின் மேற்பரப்பு ஆவியாகிக் கூடுதலாகக் குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் அது நடக்காது. அதனால்தான் காற்று 0 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் ஏறக்குறைய மைனஸ் 4 காட்டும், வேலை தொடங்கலாம். மைனஸ் 1 டிகிரியில் மூடுபனி சூழ்ந்திருந்தால் கன்னைத் திறப்பது வீண். பொதுவாக ஈரக்குமிழ் மைனஸ் 2.5 அளவில் தொடக்கம், மைனஸ் 6-க்குக் கீழே நல்ல பனி. இடைப்பட்ட அந்தச் சில டிகிரிக்குள்தான் உங்கள் பருவத் தொடக்க இரவுகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. கொஞ்சம் தண்ணீரைக் கூட்டினால் சரிவில் சேறு, கொஞ்சம் குறைத்தால் விடியும்போது கையில் ஒன்றும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அடிவாரத்தில் மைனஸ் 5 இருக்கும்போது உச்சியில் சுழியத்துக்கு மேலே இருக்கலாம். கீழே உள்ள கன்கள் ஓடும், மேலே உள்ளவை ஓடாது. லிஃப்ட் இறங்குமிடத்தில் பனி மெலிந்தும், கீழே தேவைக்கு மேல் குவிந்தும் கிடப்பதற்கு இதுதான் காரணம். "மேலே ஏன் போடவில்லை?" என்று வரிசையில் நிற்பவர்கள் கேட்கும்போது நாங்களே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கன்னுக்கு முன்னால் கையை நீட்டி, சட்டைக் கையில் விழும் பனியைப் பார்ப்பீர்களே, அந்தச் சோதனைக்கு இணையான கருவியை நாங்கள் பார்த்ததில்லை. துகள் துணியில் பட்டுத் துள்ளினால் சரியான பனி. ஒட்டிக்கொண்டு ஈரமாகப் படர்ந்தால் தண்ணீர் அதிகம். அதைப் பார்த்து, தண்ணீர் பீய்ச்சும் நாசில் வளையங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிறீர்கள். காற்று திசை மாறினால் கன்னைத் திருப்புகிறீர்கள். இல்லையென்றால் பாதி பனி காட்டுக்குள் போய் விழும், மீதி கன்மேலேயே படிந்து உறையும். காற்றும் நீரும் கலக்கும் கன்களில் திறக்கும்போது முதலில் காற்று, பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு காற்று. தூக்கக் கலக்கத்தில் வரிசை மாறினால் காற்றுக் குழாய்க்குள் தண்ணீர் ஏறி உறைந்துவிடும். கன்னை நிறுத்தியதும், தண்ணீர் எடுக்கும் குழாய்வாயான ஹைட்ரன்ட்டை மூடி, வடிகால் திருகைத் திறந்து, ஹோஸைச் சரிவோடு கீழ்நோக்கி நீட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். சில நிமிடம் தாமதித்தாலே அது இரும்புத் தடிபோல் இறுகிவிடும், உள்ளே கொண்டுபோய்ச் சூடுபடுத்தினால்தான் மறுபடி வளையும். இருட்டில், நனைந்த கையுறையோடு, வழுக்கும் சரிவில் ஒவ்வொரு கன்னுக்கும் இதைச் செய்தீர்கள்.

அதைவிடப் பெரிதாக நாங்கள் மதிப்பது உங்கள் பொறுமையை. கன்கள் குவித்த திமிங்கல முதுகு போன்ற குன்றுகளை உடனே பரப்பாமல் ஒன்றிரண்டு நாள் விட்டுவைத்தீர்கள். புதிதாகச் செய்த பனிக்குள் உறையாத தண்ணீர் இருக்கும். குன்றாக நின்றால் அது மெல்ல அடிக்கு வடியும். வடியுமுன் பரப்பினால் அன்றிரவே முழுச் சரிவும் கண்ணாடித் தகடாகும், அதற்குப் பின் எந்த இயந்திரம் உழுதாலும் கட்டி கட்டியாகத்தான் பெயரும். அந்த ஒன்றிரண்டு நாளில் "பனிதான் இருக்கிறதே, ஏன் திறக்கவில்லை?" என்ற கேள்வியைத் தாங்கியவர்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள். திறக்கும் நாளைத் தள்ளிவைக்கும் முடிவை எடுத்த மேலாளருக்கும், தொலைபேசியில் சலிக்காமல் பதில் சொன்னவர்களுக்கும் அதற்காகத் தனியாக ஒரு நன்றி. அவசரப்பட்டுத் திறந்திருந்தால் அடுத்த வாரம் சறுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சரிவில் பனியைச் சமன் செய்யும் குரூமர் வண்டியை ஓட்டியவர்களுக்கு. தடித்த பனியில் குரூமர் ஓட்டுவது ஒரு வேலை, மெல்லிய பனியில் ஓட்டுவது வேறு வேலை. பின்னால் சுழன்று பனியை நொறுக்கும் டில்லர் ஒரு விரல்கடை கூடுதலாக இறங்கினால் மண்ணும் கல்லும் மேலே வந்துவிடும். மண் கலந்த பனி நிறம் மங்கி, வெயிலை வாங்கிச் சீக்கிரம் உருகும். ஒரு நாள் தவறு ஒரு வாரம் கண்ணில் படும். முன் பிளேடால் தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்குப் பனியை நகர்த்தி, இரண்டும் சேரும் இடத்தில் படிக்கட்டுபோல் மடிப்பு நிற்காமல் இழைத்திருந்தீர்கள். காலை ஒளியில் அந்தச் சீப்புவரிகளைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

உழுத நேரத்தையும் கவனித்தோம். டில்லர் நொறுக்கிய துகள்கள் மறுபடி ஒன்றோடொன்று பிணைந்து இறுக சில மணி நேரம் தேவை. விடியும் தறுவாயில் உழுதால் பார்வைக்கு அழகாக இருக்கும், முதல் ஐம்பது பேர் இறங்கியதும் கலைந்துவிடும். நீங்கள் மாலையிலேயே உழுதுவிட்டு இரவு முழுக்க இறுக விட்டதால் நண்பகல் தாண்டியும் தளம் நின்றது.

லிஃப்ட் பணியாளர்களுக்கு. ஏறுமிடத்தில் நிற்பவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். பிரேக்குகளைச் சோதித்தது, சுமை ஏற்றி ஓட்டிப் பார்த்தது, கம்பியில் நின்றுபோன இருக்கையிலிருந்து ஆட்களைக் கயிற்றில் இறக்கப் பயிற்சி செய்தது ஆகியவை திறப்பதற்கு முன்பே முடிந்தவை. அன்று கண்ணால் பார்த்தது மண்வெட்டி வேலையை. ஏறுமிடத்தில் நூற்றுக்கணக்கான ஸ்கீகள் (சறுக்குப் பலகைகள்) உரசி உரசிப் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் இருக்கை முழங்காலுக்குப் பின்னால் வராமல் இடுப்பு உயரத்துக்கு வரும், குழந்தைகள் ஏறவே முடியாது. இறங்குமிடத்துச் சாய்தளம் தேய்ந்தால் காலூன்றுவதற்கு முன்பே இருக்கை தள்ளிவிடும். இரண்டு இடத்திலும் பனியை வாரிப் போட்டு, தட்டி, சமன் செய்துகொண்டே இருந்தீர்கள்.

ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையை வெறுமையாக அனுப்பியதற்கு வரிசையில் முணுமுணுப்பு இருந்தது. அந்த முடிவு சரி என்று எங்கள் பெயரால் சொல்லிக்கொள்கிறோம். மணிக்கு 1,200 பேரை ஏற்றும் லிஃப்ட், இறங்க 3 நிமிடம் ஆகும் சரிவு என்றால் எந்த நொடியிலும் 60 பேர் சரிவில் இருப்பார்கள். பாதி இருக்கையை விட்டால் 30 பேர். ஏழெட்டுச் சரிவுகள் திறந்திருக்கும் நாளில் இது ஒரு பொருட்டே இல்லை. ஒரே ஒரு குறுகிய சரிவில், மாதக்கணக்கில் ஸ்கீ தொடாத கால்களோடு எல்லோரும் இறங்கும் நாளில், வரிசை நீள்வதே நல்லது.

சரிவின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்கீ பேட்ரோல் குழுவினருக்கு. லிஃப்ட் பொதுமக்களுக்கு ஓடத் தொடங்குமுன்பே நீங்கள் சரிவு முழுக்க இறங்கிப் பார்த்திருந்தீர்கள். மெலிந்த இடங்களில் மூங்கில் கம்பு, மூடிய சரிவுகளின் வாயில் கயிறு, கன்களையும் தூண்களையும் சுற்றி மெத்தை. மூடிய சரிவில் நான்கு விரல் புதுப்பனி விழுந்திருந்தால் அது அழைப்பதுபோல் இருக்கும். அதன் அடியில் இருப்பது கல், அடிமரம், ஹைட்ரன்ட் தலை. கயிற்றைத் தாண்ட நினைத்தவர்களிடம் கத்தாமல், காரணத்தைச் சொல்லித் திருப்பியனுப்பினீர்கள். நாள் முழுக்க கம்புகளை இடம் மாற்றி நட்டதையும் பார்த்தோம். காலையில் தடித்திருந்த இடம் மதியம் தேய்ந்துவிடுகிறது. எல்லோரும் திரும்பும் செங்குத்தான இடத்தில் நடுப்பகுதி சுரண்டப்பட்டு இறுகும், பெயர்ந்த பனி ஓரங்களில் சேரும். மென்மையைத் தேடி ஓரத்துக்குப் போனால் அங்கேதான் கல் காத்திருக்கும்.

வாடகைக் கடையிலும் பழுதுபார்க்கும் மேசையிலும் நின்றவர்களுக்கு. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. "போன வருட எண்ணையே வைத்துவிடுங்கள்" என்று கேட்டவர்களுக்கு நீங்கள் இணங்கவில்லை. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் மில்லிமீட்டர் நீளம், சறுக்கும் பாங்கு ஆகிய ஐந்தையும் கேட்டு, ஐஎஸ்ஓ 11088 என்ற சர்வதேசத் தர அட்டவணைப்படி பைண்டிங் விடுவிப்பு எண்ணை வைத்தீர்கள். எண் மட்டும் போதாது, பூட்ஸை மாட்டி, பைண்டிங் அதைச் சரியாக அழுத்திப் பிடிக்கிறதா என்று காட்டும் முன்னழுத்தக் குறியையும் பார்க்க வேண்டும். அடிப்பாகம் வளைந்த கிரிப்வாக் பூட்ஸைப் பழைய பைண்டிங்கில் மாட்டக் கூடாது என்று திருப்பிக் கொடுத்ததும் சரியே. எடை கூடியிருக்கலாம், ஐம்பது வயது தாண்டியிருக்கலாம், பூட்ஸ் மாறியிருக்கலாம். எண் தவறினால் விழும்போது பைண்டிங் கழலாது, முழங்கால்தான் விலை கொடுக்கும். கோடைக்குப் பூசிவைத்த சேமிப்பு மெழுகைச் சுரண்டி, எட்ஜ் எனும் உலோக விளிம்பின் துருவைக் கல்லால் தேய்த்து, குளிருக்கான கடின மெழுகு பூசித் தந்ததற்கும் நன்றி. இயந்திரப் பனியின் துகள் உருண்டையாக, நெருக்கமாக இருக்கும், அடித்தட்டை உப்புத்தாள்போல் அராவும். மென்மெழுகு பாதி நாள்கூடத் தாங்காது. உள்பாகம் தெரியுமளவு கிழிந்த அடித்தட்டுகளை ஈரம் ஏறுமுன் அன்றே அடைத்துக் கொடுத்தீர்கள்.

உங்கள் வேலையைப் பாழாக்காமல் இருக்க எங்கள் தரப்பில் சிலவற்றைச் செய்கிறோம். இந்த மாதம் பழைய ஸ்கீகளையே கொண்டுவருகிறோம். மெலிந்த இடத்தில் பக்கவாட்டில் சுரண்டி இறங்காமல் திரும்பித் திரும்பி இறங்குகிறோம். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 1967-இல் வகுத்த பத்து நடத்தை விதிகளில் இரண்டு இத்தகைய ஒற்றைச் சரிவுக்கே எழுதியவைபோல் இருக்கின்றன: பின்னால் வருபவர் முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராத பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், குறுகலான இடத்திலும் மேலிருந்து பார்வை படாத இடத்திலும் நிற்கக் கூடாது. குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். லிஃப்ட் நின்ற பிறகு சரிவில் நடந்து ஏற மாட்டோம். குரூமர், தன்னை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் வின்ச் கம்பியில் வேலை செய்யும்போது அந்தக் கம்பி பனிக்குள் புதைந்து கிடக்கும், திடீரென்று விறைத்து மேலே எழும்பும். இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது.

வெளியே குவித்துவைத்திருக்கும் மூங்கில் கம்புகளையும் கயிறுகளையும் இரண்டாவது சரிவுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். காலையில் லிஃப்ட் ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
முதல் நாள் சறுக்கிய நாங்கள் அனைவரும்