ஐந்தாவது ஆளுக்கு என்ன கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சீசன் தொடங்கிவிட்டால் காட்டேஜ் வாசல்களில் கேட்கும் சண்டை ஒன்றுதான். நாலு பேர் என்று பதிந்த வீட்டில் ஆறு பேர் வந்து இறங்குவார்கள். கேர்டேக்கர் தலைக்கு 1,000 ரூபாய் கேட்பார். தரையில் படுக்கும் பிள்ளைக்கு எதற்கு ஆயிரம் என்று வந்தவர்கள் எகிறுவார்கள். அந்த ஆயிரம் எப்படி வந்தது என்று கேட்டால் வீட்டு உரிமையாளருக்கே சொல்லத் தெரியாது. பக்கத்து வீட்டில் வாங்குகிறார்கள், நாமும் வாங்குகிறோம், அவ்வளவுதான்.

கணக்குப் போடுவது ஒன்றும் கஷ்டமில்லை. இரண்டு படுக்கையறை, இரண்டு இரட்டைக் கட்டில், நாலு பேருக்கு இரவு வாடகை 6,000 ரூபாய் என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்தாவது ஆள் வந்தால் ஓர் இரவுக்கு என்ன கூடுகிறது? நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசின் திட்ட அளவு. டேங்கர் தண்ணீர் 1,000 லிட்டர் 250 ரூபாய் என்றால் அது 34 ரூபாய். வெந்நீருக்கு ஒரு யூனிட் மின்சாரம், 10 ரூபாய். 4,500 ரூபாய் மெத்தை 150 இரவு உழைக்கும் என்றால் இரவுக்குத் தேய்மானம் 30. காலைச் சிற்றுண்டி வாடகையில் சேர்த்தி என்றால் 80. சோப்பு, குப்பை இத்யாதிக்கு 15. மொத்தம் 169 ரூபாய். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், முறை மாறாது.

பலர் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, கம்பளி உறை ஆகியவற்றின் சலவை 100 ரூபாய், கூடுதல் படுக்கை போட்டு எடுக்கும் கூலி 50 ரூபாய். இவை இரவுக்கு இரவு வருவதில்லை, ஒரு தங்கலுக்கு ஒரு முறைதான் வரும். ஆனால் ஏர்பிஎன்பி போன்ற இணையப் பதிவுத் தளங்களில் கூடுதல் ஆள் கட்டணம் இரவுக்கணக்கில்தான் ஏறுகிறது. ஓர் இரவு தங்கினால் அந்த ஆளுக்கு ஆகும் செலவு 319 ரூபாய். மூன்று இரவு என்றால் இரவுக்கு 219தான். ஆகவே உங்கள் வீட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் எத்தனை இரவு தங்குகிறார்கள் என்று பழைய பதிவேட்டைப் பார்த்து வகுக்க வேண்டும். இரண்டு இரவு என்றால் 244. தளம் எடுக்கும் கமிஷன் கூடுதல் கட்டணத்திலும் கழியும். அது 15 சதவீதம் என்றால் கையில் 244 நிற்க 287 வாங்க வேண்டும். இதற்குக் கீழே வைத்தால் கைக்காசு போகும்.

மேல் எல்லைக்கும் ஓர் அளவு உண்டு. 6,000 ரூபாயை நாலு பேருக்கு வகுத்தால் தலைக்கு 1,500. கட்டிலில் படுப்பவருக்கே அவ்வளவு என்கிறபோது தரை மெத்தைக்கு அதை நெருங்கி வாங்குவது நியாயமில்லை. நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், வியாபாரத்துக்கும் உதவாது: கட்டணம் ஏற ஏற ஆள் எண்ணிக்கையை மறைக்கிறார்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் வர இ-பாஸ் வேண்டும். அதில் ஆறு பேர் என்று உண்மையைச் சொல்லும் குடும்பம், காட்டேஜுக்கு மட்டும் நாலு பேர் என்கிறது! நான் கணக்குப் போட்ட இந்த 6,000 ரூபாய் வீட்டில் கூடுதல் தலைக்கு இரவுக்கு 400, 500 ரூபாய்தான் சரி என்பது என் கணிப்பு.

எத்தனையாவது ஆளிலிருந்து கட்டணம் என்பதில் சூதும் நடக்கிறது, மறதியும் நடக்கிறது. ஒரு ஆளுக்கு 3,000 என்று போட்டு, இரண்டாவது ஆளிலிருந்தே தலைக்கு 1,000 ஏற்றுகிறார்கள். ஒருவர் என்று தேடுபவருக்கு வீடு பாதி விலையில் தெரியும். நிஜமான எண்ணிக்கையைப் போட்டவருக்கு விலை கூடும், குறைத்துப் போட்டவருக்குக் குறையும். பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது இங்கே வீட்டுக்காரர்தான். கட்டில் எத்தனை பேருக்கோ அத்தனை பேர் வரை அடிப்படை வாடகையில் அடங்க வேண்டும். மறதி வேறு விதம்: வாடகையில் அடங்கும் அடிப்படை எண்ணிக்கையும் 4, வீட்டில் தங்கக்கூடிய உச்ச எண்ணிக்கையும் 4 என்று தளத்தில் விட்டுவிடுவது. ஐந்தாவது ஆளைத் தளமே ஏற்காது. கட்டணம் ஒரு நாளும் ஏறாது. பிறகு வாசலில் ரொக்கமாகக் கேட்டுச் சண்டை.

உச்ச எண்ணிக்கையைக் காசு தீர்மானிக்கக் கூடாது, வெந்நீரும் செப்டிக் டேங்கும் தீர்மானிக்க வேண்டும். 15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குக் காய்ந்த நீரை, 14 டிகிரி குழாய்த் தண்ணீரோடு கலந்து குளிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 25 லிட்டர் கிடைக்கும். ஒரு ஆள் குளியல். மறுபடி காய 2 கிலோவாட் கீசருக்கு ஏறக்குறைய 25 நிமிடம். குளியலறை ஒன்று, ஆள் ஆறு என்றால் காலையில் இரண்டரை மணி நேரம். ஆறாவது ஆளிடம் 500 வாங்கிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் நிறுத்தினால், அந்த வருத்தம் மதிப்புரையில் வந்து உட்காரும்.

பிள்ளைகள் விஷயம். ஏர்பிஎன்பி தளத்தில் 2 வயதுக்குட்பட்ட குழந்தை கணக்கில் வராது. அதற்கு மேல் எல்லாரும் ஆள்தான், ஐந்து வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் ஒரே கட்டணம். புக்கிங் டாட் காமில் வயதுவாரியாகத் தனி விலை வைக்கலாம். பெற்றோர் கட்டிலிலேயே படுக்கும் சின்னப் பிள்ளைக்கு வாங்க வேண்டாம் என்று நினைக்கும் உரிமையாளர், ஏர்பிஎன்பி வழியாக வருபவர் கேட்டால் அந்தப் பதிவுக்கு மட்டும் விலையைக் குறைத்துத் தரலாம். பிள்ளையைக் கணக்கிலிருந்தே விட்டுவிடச் சொல்வது ஆபத்து. நாளை ஏதாவது நடந்தால் வீட்டில் இருந்தவர் பட்டியலில் அந்தப் பெயரே இருக்காது.

சொல்லாமல் கூடுதல் ஆள் வந்துவிட்டால், கையில் காசு வாங்காமல் தளத்திலேயே பதிவைத் திருத்தச் சொல்ல வேண்டும். வெளியே வாங்கினால் தளத்தின் விதிக்கு மாறு, ரசீதும் இருக்காது. வரியையும் மறக்கக் கூடாது: நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. கூடுதல் ஆள் கட்டணமும் வரிக்கு உட்பட்டதே என்பதால், 7,000 சொச்சத்தில் வாடகை வைத்திருப்பவர்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்கும் வீடுகள் திட்டத்தில் 6 அறை, 12 படுக்கை என்று வரம்பு உண்டு. நம் சுற்றுலாத் துறையும், தான் பதிவு செய்யும் ஒவ்வொரு வீட்டு விளம்பரத்திலும் மூன்று எண்களைக் கட்டாயமாக்கலாம்: வாடகையில் அடங்கும் ஆட்கள், அதற்கு மேல் தலைக்கு இரவுக்கு எவ்வளவு, அதிகபட்சம் எத்தனை பேர். கூடவே, காசு வாங்கிய தலைக்கு மெத்தை, தலையணை, கம்பளி, துண்டு நான்கும் வந்து சேரும் முன்பே அறையில் இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொடைக்கானல்.