நாய் பூட்டும் ஊரிலிருந்து

வொயிட்ஹார்ஸ், யூகான், கனடா
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவும் நீங்களும் நலமா? இன்று காலை இங்கே மைனஸ் 31. "நாயைப் போய் வண்டியில பூட்டுறாங்களே, பாவம் இல்லையா?" என்று போனில் கேட்டீர்கள். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

வீட்டுக்கார அம்மா 14 நாய் வளர்க்கிறார். சனி, ஞாயிறு நான்தான் கூடமாட உதவி. சேணத்தைக் கையில் எடுத்தாலே போதும், எல்லாம் சங்கிலியை இழுத்துக்கொண்டு எம்பிக் குதித்துக் கத்தும். சறுக்குவண்டியை மரத்தில் கட்டிவைத்துத்தான் பூட்ட முடியும். இல்லாவிட்டால் ஆள் ஏறும் முன்பே வண்டி போய்விடும். கயிற்றை அவிழ்த்ததும் அத்தனை சத்தமும் சட்டென்று அடங்கும். அப்புறம் மூச்சும், பனியில் பாதம் படும் ஓசையும்தான். முதல் தடவை எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடிவாளம் கிடையாது, மூக்கணாங்கயிறு கிடையாது. 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது. முன்னால் ஓடும் நாய் கேட்டுத் திரும்பும். நம் செவலைக் காளையை இடப்பக்கம் பூட்டினால் முரண்டு பிடிக்குமே, அதே மாதிரி இங்கே மிஷா என்ற நாயும் வலப்பக்கம்தான் ஓடும்.

சைபீரியாவில் சுக்சி மக்கள் நெடுந்தூரம் இழுப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஹஸ்கி இனத்தின் வழி வந்தவை இவை. 1984இல் இந்த ஊருக்கும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸுக்கும் இடையே தொடங்கி 2020 வரை நடந்த நாய்வண்டிப் பந்தயம் சுமார் 1,600 கிலோமீட்டர். அப்படி ஓடும் நாய்க்கு ஒரு நாளைக்கு 10,000 கலோரி வரை தீனி வேண்டும்.

ஓட்டம் நின்றால்தான் பாவம், அப்பா. செப்டம்பரில் அந்த அம்மாவுக்கு முதுகு பிடித்து ஒரு வாரம் யாரும் நாய்களை வெளியே கொண்டுபோகவில்லை. மிஷா வேலிக்கடியில் குழி பறித்து வெளியேறி, பக்கத்து வீட்டுக் கோழி இரண்டைப் பிடித்துவிட்டது. நான் அடிக்கக் கை ஓங்கினேன். "அதுமேல் தப்பில்லை, நம்மேல்தான்" என்று தடுத்தார். மறுநாளிலிருந்து இடுப்பில் பெல்ட் கட்டி, அதில் மிஷாவின் கயிற்றைக் கோத்து நானே ஓடினேன். பத்தே நாளில் குழி பறிப்பது குறைந்தது. கோடையில் இழுக்க விடுவதில்லை, உடம்பு சூடேறிவிடும். அப்போது விடியற்காலை நடை, தோண்டுவதற்கென்றே ஒரு மணல் மூலை, மோப்பம் பிடித்துத் தேட புதருக்குள் ஒளித்த இறைச்சித் துண்டு.

12 வயதுக் கிழ நாய் ஒன்று இருக்கிறது. மற்றவை கிளம்பும்போது தன்னை விட்டுவிட்டால், திரும்பி வரும்வரை ஊளையிடும். அதனால் கடைசியில் அதையும் சின்ன வண்டியில் பூட்டி ஒரு கிலோமீட்டர் கூட்டிப்போகிறோம்.

தம்பி கோயம்புத்தூரில் ஹஸ்கிக் குட்டி வாங்கப் போகிறானாம். நான் சொன்னால் கேட்க மாட்டான், நீங்கள் சொல்லுங்கள். இரண்டு அடுக்கு மயிரோடு பிறந்த நாயை நாள் முழுக்க ஏசி அறையில் அடைத்துவைத்து, சாயங்காலம் தெருமுனைவரை கூட்டிப்போனால் அதற்குப் போதாது. அவனுக்குப் பிரியம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆபீஸிலிருந்து அவன் வீடு வர இரவு எட்டு ஆகிறது. தெருவில் பிறந்த நம்ம ஊர்க் குட்டி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்.

நாளைக்கு எட்டு நாய் பூட்டுகிறோம். பாதத்தில் பனி கட்டாமலிருக்க 32 துணி உறை வேண்டும், நாலைந்து கிழிந்து கிடக்கிறது. தைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

உங்கள் மகன்