கொண்டாடாமல் இருக்கலாம், பொய்சாட்சி சொல்லக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் ஒரு புறமதப் பண்டிகை, உண்மையான விசுவாசி அதைத் தொடவே கூடாது என்று உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். இதே பேச்சு வருஷா வருஷம் வருவதுதான், நானும் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். இந்த முறை அப்படி இருக்க முடியாததற்குக் காரணம் என் அக்கா மகள். ஒன்பது வயது. காகிதத்தை மடித்து, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக வெட்டி, பசை தடவி, ஒரு முனை மட்டும் வளைந்துபோன ஒரு நட்சத்திரம் செய்து ஜன்னலில் மாட்டியிருந்தாள். அந்த வாரம் அவர்கள் போகும் சபையில் பிரசங்கம் இதைப் பற்றித்தான்: பழைய பாபிலோனின் நிம்ரோது, செமிராமிஸ், ரோமர்களின் சூரிய தேவன், விக்கிரகங்களைக் கண்டிக்கும் எரேமியா பத்தாம் அதிகாரம். வீட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே அவளே அதைக் கழற்றிக் கிழித்துப் போட்டுவிட்டாள். மறுநாள் நான் போனபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, அம்மா காதில் விழாதபடி கேட்டாள்: “சித்தி, நான் விக்கிரகம் செஞ்சிட்டேனா?”

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கொண்டாடாதவர்களிடம் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. இயேசு பிறந்த தேதி வேதாகமத்தில் இல்லை, அந்த நாளை ஆசரிக்கச் சொல்லும் கட்டளையும் இல்லை, அதனால் நான் ஆசரிக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது நேர்மையான பேச்சு. ஸ்காட்லாந்தின் சீர்திருத்தச் சபையார் 1560-லேயே இதைத்தான் சொன்னார்கள். இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான சீர்திருத்தக்காரர்களின் கை ஓங்கியிருந்தபோது 1647-இல் நாடாளுமன்றமே பண்டிகையை ரத்து செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். யெகோவாவின் சாட்சிகள் 1926-க்குப் பிறகு விட்டுவிட்டார்கள். என் தாத்தாவும் அப்படிப்பட்டவர்தான், டிசம்பர் 25 அன்றும் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிடுவார், ஆனால் கொண்டாடுகிற ஒருவரைப் பற்றியும் அவர் வாயிலிருந்து தப்பாக ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. ரோமர் 14-இல் பவுல் சொல்வதும் இதுதானே, ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றுபோல எண்ணுகிறான், அவனவன் தன் மனதிலே நிச்சயப்பட்டிருக்கட்டும் என்று.

ஆனால் ‘கட்டளை இல்லை’ என்பது வேறு, ‘நீ சூரியனைக் கும்பிடுகிறாய்’ என்பது வேறு. இரண்டாவது குற்றச்சாட்டு, அதுவும் ஒரு விசுவாசியின் மேல் சுமத்தக்கூடிய குற்றச்சாட்டுகளிலேயே பெரியது. சுமத்துகிறவர் ஆதாரம் காட்டியாக வேண்டும்.

அவர்கள் சொல்லும் ஆதாரம் என்ன? டிசம்பர் 25 ரோமர்களின் ‘வெல்லப்படாத சூரியன்’ பிறந்தநாள், சபை அதை எடுத்துக்கொண்டது என்கிறார்கள். பேரரசர் அவுரேலியன் 274-இல் அந்தச் சூரிய தேவனுக்கு ரோமில் கோயில் கட்டியது உண்மை. டிசம்பர் 25-ஐ அவர் விழா நாளாக வைத்தார் என்று மட்டும் அவர் காலத்து எழுத்து எதுவும் சொல்லவில்லை. அந்த நாளில் அப்படி ஒரு விழா இருந்ததற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று, 354-ஆம் ஆண்டில் ரோமில் ஒரு கிறிஸ்தவருக்காக எழுதப்பட்ட நாட்காட்டித் தொகுப்பு. அதில் அந்தத் தேதிக்கு நேரே ‘வெல்லப்படாதவனின் பிறந்தநாள்’, முப்பது தேர்ப் பந்தயங்கள் என்று குறித்திருக்கிறது. அதே தொகுப்பில் இன்னொரு பட்டியலில் அதே தேதிக்கு நேரே, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்று இருக்கிறது, அந்தப் பட்டியல் 336 வாக்கில் தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. அதாவது இரண்டுக்கும் சாட்சி ஒரே ஏடுதான், அதை வைத்துக்கொண்டு யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல வழியில்லை. மூலம் என்று சிலர் காட்டும் சாட்டர்னேலியா என்ற ரோமப் பண்டிகை டிசம்பர் 17-இல் தொடங்கி, நீண்டாலும் 23-இல் முடிந்துவிடும். ரோமப் போர்வீரர்கள் வணங்கிய மித்ரா தேவன் டிசம்பர் 25-இல் பிறந்ததாகச் சொல்லும் பழைய எழுத்து ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் இந்தத் தேதி எங்கிருந்துதான் வந்தது? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது, இதை யாரும் பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டதே இல்லை. ஆதிக் கிறிஸ்தவர்கள் பிறப்பைத் தேடி அல்ல, மரணத்தைத் தேடித்தான் முதலில் கணக்குப் போட்டார்கள். கி.பி. 200 வாக்கில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இயேசு சிலுவையில் அறையப்பட்டது மார்ச் 25 என்கிறார். கருவில் உருவான நாளும் மரித்த நாளும் ஒன்றே என்ற நம்பிக்கை அவர்களிடையே இருந்தது. பிற்கால ஆயர் அகுஸ்தீன் தன் எழுத்தில் இதை வெளிப்படையாகவே சொல்கிறார், மார்ச் 25-இல் கருவுற்றார், அதே நாளில் பாடுபட்டார், பிறந்தது டிசம்பர் 25 என்று. மார்ச் 25-இலிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பாருங்கள். கிழக்கில் சிலர் மரண நாளை ஏப்ரல் 6 என்று கணக்கிட்டார்கள், ஒன்பது மாதம் கூட்டினால் ஜனவரி 6. ஆர்மீனியச் சபை இன்றும் அந்த நாளில்தான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. இந்தக் கணக்குதான் முழுக் காரணம் என்று நானும் சாதிக்கவில்லை, ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அவுரேலியன் கோயில் கட்டுவதற்கு எழுபது வருஷம் முன்பே இயேசு பிறந்த தேதி எது என்று கிறிஸ்தவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதை அலெக்சாந்திரியாவின் கிளமென்ட் என்ற கிறிஸ்தவப் போதகர் எழுதிவைத்திருக்கிறார். மே மாதத்தில் என்று சொன்னவர்கள்கூட உண்டாம்.

புறமதச் சாயல் எதுவுமே ஒட்டவில்லை என்று சொன்னால் நானும் பொய் சொன்னவளாவேன். ரோமர்கள் டிசம்பர் 25-ஐக் குளிர்காலத்தின் குறுகிய பகலாகக் கணக்கில் வைத்திருந்தார்கள், வெளிச்சம் திரும்பி வளரத் தொடங்கும் நாள் என்பது கிறிஸ்தவப் போதகர்களுக்கும் பிடித்துப்போனது, மல்கியா சொன்ன நீதியின் சூரியனை நினைத்துக்கொண்டார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் பேதுரு ஆலயத்துப் படிக்கட்டில் நின்று திரும்பிச் சூரியனைப் பார்த்துத் தலை வணங்கிய கிறிஸ்தவர்களை ரோம ஆயர் லியோ கடிந்துகொள்கிறார். ஆக அந்த ஆபத்து இருந்தது, அவர்கள் அதைக் கண்டித்தும் இருக்கிறார்கள்.

சரி, நிம்ரோது கதைக்கு வருவோம். ஆதியாகமத்தில் வரும் பாபேல் ராஜா நிம்ரோது, அவன் மனைவி செமிராமிஸ், டிசம்பரில் பிறந்த மகன் தம்மூஸ், அந்தப் பிறப்பைத்தான் நாம் கிறிஸ்துமஸ் என்று கொண்டாடுகிறோமாம். வேதாகமத்தில் நிம்ரோதுக்கு மனைவி பெயரே இல்லை, செமிராமிஸ் என்ற பெயர் அதில் எங்கேயும் இல்லை. இந்தக் கதை பரவியது அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் 1853-இல் வெளியிட்ட சிறு நூலிலிருந்து. அவரை நம்பி ரால்ஃப் உட்ரோ என்ற அமெரிக்க ஊழியர் 1966-இல் ஒரு புத்தகம் எழுதினார், நிறைய பேர் படித்தார்கள். பிறகு ஹிஸ்லப் காட்டிய சான்றுகளைத் தேடிப் போய்ச் சரிபார்த்தபோது பலவற்றில் அவர் சொன்னது இல்லை. உட்ரோ தன் புத்தகத்தை அச்சிலிருந்து நிறுத்திவிட்டு, 1997-இல் தான் முன்பு எழுதியதற்குத் தானே மறுப்பு எழுதினார். எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்! அவர் கைவிட்ட கதையைத்தான் இன்று வாட்ஸ்அப்பில் நமக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் மரத்தைக் கண்டிக்கிறது என்று அவர்கள் காட்டும் எரேமியா 10-ஐ முழுசாக வாசியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மரத்தை வெட்டி, தச்சன் செதுக்கி, வெள்ளியும் பொன்னும் பூசி, அசையாமல் ஆணி அடிக்கிறார்கள், அது பேசாது, நடக்காது, தூக்கிச் சுமக்க வேண்டும் என்று தீர்க்கதரிசி சொல்வது செதுக்கிய சிலையை. அலங்கரித்த கிறிஸ்துமஸ் மரம் பற்றிய குறிப்புகள் ஐரோப்பாவின் அல்சாஸ் பகுதியில் பதினாறாம் நூற்றாண்டில்தான் கிடைக்கத் தொடங்குகின்றன. நடுவில் இரண்டாயிரம் வருஷம் இருக்கிறது.

இன்னொன்றும் தோன்றுகிறது. வேர் புறமதத்தில் இருந்தால் பழமும் விஷம்தான் என்றால், நாம் ஆராதனைக்குக் கூடும் நாளுக்கு என்ன பெயர்? ஞாயிறு. ஞாயிறு என்றால் சூரியன். பவுல் அத்தேனே பட்டணத்தில், நாம் அவருடைய சந்ததியார் என்று ஒரு கிரேக்கக் கவிஞனின் வரியை எடுத்துச் சொன்னாரே, அது சீயுஸ் தேவனைப் பாடிய பாட்டின் வரி. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லாத தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது இயேசு தேவாலயத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று யோவான் 10 சொல்கிறது, கட்டளையில்லாத பண்டிகை என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் இதெல்லாம் பேசவில்லை. “நீ அதைக் கும்பிட்டியா?” என்று கேட்டேன். “இல்ல சித்தி, ஜன்னல்லதான் மாட்டினேன்.” “எதுக்கு மாட்டின?” “சாஸ்திரிங்க வந்தாங்கல்ல, அவங்களுக்கு வழி தெரியணும்ல.” நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தை இயேசுவைத் தேடி வந்த சாஸ்திரிகளைத்தான் சொன்னாள். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. பத்துக் கட்டளைகளில் விக்கிரகத்தை வணங்காதே என்பது இருக்கிறது, பிறனுக்கு விரோதமாகப் பொய்சாட்சி சொல்லாதே என்பதும் அதே பத்தில்தான் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாற்றுக் கருத்துள்ள கடிதங்களைத் தாராளமாக வெளியிடுங்கள். ‘ரோமர்கள் இப்படிச் செய்தார்கள்’, ‘பாபிலோனில் இப்படி இருந்தது’ என்று யார் எழுதினாலும், நான் எழுதினாலும், எந்த ஏட்டில், எந்த ஆண்டில் என்று கேட்டு வாங்கி அதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி