மணிக்கணக்கு

கொழிஞ்சாம்பாறை, கேரளம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மில்லில் நெல் வரத்துத் தொடங்கிவிட்டதால் எனக்கும் கையொழிவில்லை. நீ போனை எடுக்காததைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. பொங்கலுக்கு வந்தபோது லேப்டாப்பில் எனக்குப் போட்டுக் கொடுத்தாயே, அந்த லாரி விளையாட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாளையாறு எல்லையில் லாரி வரிசையைப் பார்த்தே வயதானவன், யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2-இல் ஜெர்மனிக்குச் சரக்கு ஏற்றிப் போகிறேன். ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதுதான் இன்னும் கைவரவில்லை. அது விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்துக்கென்றே பதிப்பு உள்ள விளையாட்டு என்பதால் தொந்தரவில்லாமல் திறக்கிறது. உன்னுடையவை பெரும்பாலும் விண்டோஸுக்கு எழுதப்பட்டவை. அன்றிரவு திரைக் காட்சியை வரையும் ஷேடர் நிரல்கள் தயாராகும் சதவீதம் நூறைத் தொடும்வரை இருவரும் காத்திருக்க, திரை கறுப்பாகவே நின்றதும், விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானின் வேறொரு பதிப்பை நீ தேர்ந்தெடுத்து மறுபடி திறந்ததும், அம்மா கொண்டுவந்த காப்பி ஆடை கட்டிக் கிடந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படம் வரையச் சொல்லி விளையாட்டு விண்டோஸின் டைரக்ட்3டியில் கேட்பதை டிஎக்ஸ்விகே லினக்ஸுக்குப் புரியும் வல்கனில் எடுத்துச் சொல்கிறது, மற்ற விண்டோஸ் வேலைகளை வைன் கவனிக்கிறது, இவற்றை ஒன்றாகக் கட்டி 2018-இல் வால்வ் நிறுவனம் கொடுத்ததுதான் புரோட்டான் என்று விளக்கிவிட்டு, "தாலுகா ஆபீசிலிருந்து மலையாளத்தில் வரும் நோட்டீசை நீங்கள் ஊர்க்காரர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்வீர்களே, அதே வேலைதான் அப்பா" என்றாய். இதை மில்லில் சொல்லாத ஆளில்லை. வைன் 1993-இல் தொடங்கியதாம். நான் மில்லில் கணக்கெழுதச் சேர்ந்ததும் அந்த வருடம்தான்.

விளையாட்டுகளை வாங்கி ஆடும் ஸ்டீமில் என் நண்பர் பட்டியலில் உன் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. அதை அழுத்தினால் கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆடினாய் என்று காட்டுகிறது. நேற்று 131 என்றிருந்தது. கணக்கெழுதிய கை சும்மா இருக்குமா, 14-ஆல் வகுத்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு 9 மணி 21 நிமிடம் வருகிறது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கும் உன் பெயர் பச்சையாகத்தான் இருந்தது. விளையாட்டை மூடாமல் தூங்கிவிட்டால் மணி தானாக ஓடிக்கொண்டிருக்கும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். அப்படித்தான் இருக்கும். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

கண்ணைப் பார்த்துக்கொள். நேரத்துக்குத் தூங்கு. வாலரன்ட் விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே புகுந்து உட்காருவது, அதனால் அது லினக்ஸில் ஓடாது என்று தெரிந்தும், கூட்டாளிகள் எல்லோரும் அதற்குப் போனபோது நீ மட்டும் விண்டோஸ் போட மாட்டேன் என்று நின்றாய். அந்தப் பிடிவாதம் எனக்குப் பெருமைதான். ஆனால் அதே பிடிவாதத்தை அக்காவின் போனிடமும் காட்டினால் எப்படி? அவள் நாலு முறை கூப்பிட்டிருக்கிறாள். நேரத்துக்குத் தூங்கு, கண்ணு.

நீ பத்தாம் வகுப்பு படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டரைப் பற்றி ஊரெல்லாம் நான் பேசியது உனக்குத் தெரியும். கேரள அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் உங்கள் தமிழ் மீடியம் பள்ளிக்கு வந்த உபுண்டு என்ற லினக்ஸை வீட்டிலும் போட்டு, பழைய பெட்டியிலேயே வைனை வைத்து விளையாட்டை ஓடவிட்ட பையன், புதுப்பெட்டி வேண்டுமென்று ஒரு வார்த்தை கேட்காத பையன் என்று சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கினேன். புதுப்பெட்டிக்குப் பணம் இருந்தது. அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த 18,000 ரூபாயை என் கையில்தான் கொடுத்தாள். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த பிறகு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் நம் பக்கத்து வேலந்தாவளத்துக்கு வந்து லாட்டரிச் சீட்டு வாங்கிப் போவதைப் பார்த்துச் சிரித்தவன் நான். பிறகு நானும் அந்த லாட்டரிக் கடைமுன் நின்றேன். காருண்யா, அக்ஷயா என்று ஒரு நாள் விடாமல் வாங்கி, குலுக்கல் முடிவை மில் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஏழு மாதத்தில் மிஞ்சியது 4,500. அதற்குக் கிடைத்ததுதான் அந்தப் பழைய பெட்டி. சீட்டுப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன். கடையில் விலை ஏறிவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன். அந்த ஏழு மாதமும் யாராவது நேருக்கு நேர் கேட்டிருந்தால் சத்தியம் செய்து மறுத்திருப்பேன். அதனால்தான் உன்னிடம் நேராக எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு இது இன்றும் தெரியாது.

புது அரிசியில் 25 கிலோ உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். எப்போதும் போல் உன் ஆபீஸ் முகவரிக்கே பார்சல் போடட்டுமா, இல்லை இந்த முறை அறைக்கு அனுப்பட்டுமா? ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
அப்பா