ஸ்டேடியத்துக் கச்சேரியும் தெருக்காரர்களும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கேட்ட படிப்பிலேயே இடம் கிடைத்தது ரொம்ப சந்தோஷம், நான் கேட்டதாகச் சொல். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா? இங்கே எல்லாரும் சுகம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கால்பந்து ஸ்டேடியத்தில் அடுத்த கோடையில் கச்சேரி நடத்தப் போகிறார்கள், அக்கம்பக்கத்தில் எல்லாரும் எதிர்த்து மனுவில் கையெழுத்துப் போடுகிறார்கள், நானும் போடட்டுமா என்கிறாய். போடு. ஆனால் அதோடு நிறுத்தாமல் தனியாக ஒரு கடிதமும் எழுது, அதில் ‘கச்சேரியே கூடாது’ என்று மட்டும் எழுதிவிடாதே. வருடக்கணக்காக ஒரு ஸ்டேடியத்தின் நிழலில் குடியிருப்பவன் சொல்கிறேன், அப்படி எழுதும் கடிதத்தைத் தள்ளிவிடுவதுதான் முடிவெடுக்கும் கவுன்சிலுக்கு ரொம்ப சுலபம்.

கிளப் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் பார். மே மாதம் சீசன் முடிந்தால் ஆகஸ்ட் வரை அந்த இடம் சும்மா கிடக்கிறது, புல்லை எப்படியும் அந்த இடைவெளியில்தான் புதுப்பிப்பார்கள், வீரர்கள் சம்பளமோ ஏறிக்கொண்டே போகிறது. அதனால் ஆசை வருவது இயல்பு. ஆனால் நாலைந்து கச்சேரி என்று ஆரம்பிப்பது அதோடு நிற்கும் என்று மட்டும் நம்பாதே. லண்டனில் டோட்டன்ஹாம் கிளப்புக்குப் புல்தரையையே மூன்று துண்டாகப் பிரித்து தெற்கு ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளிவிடுகிற மாதிரி ஸ்டேடியம் கட்டினார்கள் இல்லையா, அங்கே கால்பந்து அல்லாத பெரிய நிகழ்ச்சிகள் வருடத்துக்கு 16 என்று இருந்த வரம்பு 2023இல் 30 ஆகிவிட்டது.

மேட்ச் நாள் பழகிப்போனவர்கள் கச்சேரியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. மேட்ச் கூட்டத்துக்கு வழி தெரியும், எந்தச் சந்தில் நுழைந்தால் ஸ்டேஷன் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு போவார்கள், இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். கச்சேரிக்கு வருபவர்கள் பாதிப்பேர் வெளியூர், காலையிலேயே வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள், இரவு போன் வெளிச்சத்தில் வழி தேடிக்கொண்டு உன் வீட்டு வாசலில் நிற்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பாவம், சந்தோஷமாக வந்த பிள்ளைகள். என்னால் பொறுக்க முடியாதது மேடையைப் பிரிக்கும் ராத்திரி. கூட்டம் போய் தெரு அடங்கிய பிறகு லாரிகள் வரும். இரும்புக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், லாரி பின்னால் வரும்போதெல்லாம் அந்த ‘பீப் பீப்’ விடியும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். கருத்துக் கேட்கும் கூட்டத்தில் பாட்டுச் சத்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், இந்த லாரியைப் பற்றி யாராவது எழுந்து கேட்டால்தான் உண்டு.

பாட்டுச் சத்தத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இங்கிலாந்தில் கச்சேரிச் சத்தத்துக்கு 1995இல் வந்த ஒரு நடைமுறைக் குறிப்பைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். ஊருக்குள் இருக்கும் ஸ்டேடியத்தில் வருடத்துக்கு மூன்று நாள் வரை என்றால், வீடுகளுக்கு வெளியே 15 நிமிடச் சராசரி 75 டெசிபல் தாண்டக்கூடாது. நான்கிலிருந்து பன்னிரண்டு நாள் என்றால் அந்த இடத்தில் வழக்கமாக இருக்கும் சத்தத்தைவிட 15 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. எத்தனை நாள் என்பதைப் பொறுத்து வரம்பே மாறுவதால், முதலில் அந்த எண்ணிக்கையைக் கேள். அப்புறம், இந்த அளவு ‘ஏ’ வகை டெசிபலில். மனிதக் காதுக்கு ஏற்றபடி என்று சொல்லி அது அடித்தொனியைக் குறைத்துக் கணக்கிடும். ஆனால் சுவரையும் இரட்டைக் கண்ணாடியையும் தாண்டி வருவது அந்த பாஸ் சத்தம்தான். மீட்டரில் வரம்புக்குள் இருக்கும், உன் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அதனால் அந்த அடித்தொனி வரும் 63, 125 ஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் தனியாக ஒரு வரம்பு வேண்டும் என்று எழுது. இந்த இரண்டு எண்ணும் கடிதத்தில் இருந்தால் சத்தத்தை அளக்க வருபவர் உன்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்.

நடைமுறை இதுதான். கச்சேரி நடத்தும் உரிமத்துக்கு கிளப் கவுன்சிலில் விண்ணப்பித்தால் ஸ்டேடியத்தின் வெளியே வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், 28 நாள் அது இருக்க வேண்டும், நீ எழுத வேண்டியதும் அந்த 28 நாளுக்குள்தான். பெரும்பாலும் கம்பத்தில் ஏதாவது ஒரு மூலையில் கட்டியிருப்பார்கள், நடக்கப் போகும்போது ஒரு சுற்றுச் சுற்றிப் பார். 2003 உரிமச் சட்டம் நான்கு விஷயங்களைத்தான் கணக்கில் எடுக்கும்: குற்றமும் ஒழுங்கீனமும், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை, குழந்தைகளுக்குத் தீங்கு. வீட்டு விலை இறங்கும், அந்தப் பாடகரைப் பிடிக்காது என்பதெல்லாம் செல்லாது. எத்தனை நிகழ்ச்சி, போக்குவரத்து என்பவை பெரும்பாலும் திட்ட அனுமதியின் (கட்டடத்தை, இடத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கவுன்சில் தரும் அனுமதி) கீழ் வரும், அதற்குத் தனியாக எழுது. ஒன்று மட்டும் தெரிந்துகொள், உரிமத்துக்கு எதிராக எழுதினால் உன் பெயரும் முகவரியும் பொதுவாக விண்ணப்பதாரர் கைக்குப் போகும்.

கருத்துக் கேட்பு என்றால் டிக்கெட் விற்கும் முன்பு கேட்க வேண்டும். என் மொத்த வாதமும் இவ்வளவுதான். டப்ளினில் குரோக் பார்க் கதை ஞாபகம் இருக்கிறதா? 2014இல் அமெரிக்கப் பாடகர் கார்த் புரூக்ஸ் அந்த ஸ்டேடியத்தில் ஐந்து நாள் பாடுவதாகச் சொல்லி நான்கு லட்சம் டிக்கெட் விற்றுவிட்டார்கள். அந்த மைதானத்தில் அந்த வருடம் ஏற்கனவே மூன்று கச்சேரி முடிந்திருந்தது, வருடத்துக்கு மூன்று என்றுதான் அங்கே குடியிருப்பவர்களோடு பேச்சு. மாநகராட்சி மூன்று நாளுக்கு மட்டும் அனுமதி தந்தது, அவர் ஐந்தும் வேண்டும் இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றார், எல்லாமே ரத்து. தெருக்காரர்களுக்குத்தான் கெட்ட பெயர். 2022இல் அதே மனிதர் அதே இடத்தில் ஐந்து இரவும் பாடினார், அது வேறு விஷயம். மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட் கிளப்பின் பெர்னபேயூ ஸ்டேடியத்தைப் புதுப்பித்த பிறகு அக்கம்பக்கத்தார் போட்ட சத்தப் புகாரில் 2024 செப்டம்பரில் கச்சேரிகளையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. கட்டிய பிறகு, விற்ற பிறகு கேட்டால் இப்படித்தான் ஆகும்.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனேன். பளபளப்பான பலகைகள், காபி, பிஸ்கட், சிரித்த முகத்தோடு இளைஞர்கள். கையில் கொடுத்த படிவத்தில் ‘கச்சேரிகளால் உங்கள் பகுதிக்கு எந்த நன்மை வேண்டும்?’ என்று கேள்வி. வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிற கட்டமே இல்லை. நான் பின்பக்கம் திருப்பி எழுதிக் கொடுத்தேன். நீயும் அப்படியே செய்.

எழுதும்போது கேட்கக்கூடியதைக் கேள். இரவு எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள், மதியம் சவுண்ட் செக் எத்தனை நேரம், நள்ளிரவுக்குப் பிறகு லாரி எந்த வாசல் வழியாக வரும், கூட்டம் போகும் பாதையில் கழிப்பறை வைப்பார்களா (இதைக் கேட்காமல் விட்டால் உன் செடிகள்தான் பாவம்), அம்மாவைப் பார்க்க வரும் நர்ஸின் காரை அன்றைக்கு உள்ளே விடுவார்களா. புகார் எண்ணில் மனிதர் யாராவது எடுப்பார்களா, அந்த ராத்திரியே சத்தத்தைக் குறைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதையும் கேட்டு வை. இலவச டிக்கெட் தருகிறேன் என்பார்கள், வாங்கிக்கொள், தப்பில்லை. ஆனால் சீசன் முடிந்ததும் அளந்த கணக்கையெல்லாம் வைத்துக்கொண்டு நம்மோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதை நிபந்தனையாகவே போடச் சொல்.

நீலத் தாளைக் கண்டதும் தேதியைப் பார்த்து எனக்குச் சொல். கடிதத்தை எழுதி முதலில் எனக்கு அனுப்பு, படித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். உரிமத்தைப் பற்றி கவுன்சில் விசாரிக்கும் நாள் வேலை நாளாக இருந்தாலும் லீவு போட்டுவிட்டுப் போ. முடிந்தால் நானும் வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி