அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை கொண்டுவருவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆடித் திருவிழாவையொட்டி அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளைக் கொண்டுவரும் வளர்ப்பாளர்களுக்கும், அவற்றைப் பழக்குவோருக்கும் வணக்கம்.

மேளத்துக்குக் குதிரை கால் தூக்கி ஆடும்போது கூட்டம் அதன் கால்களைப் பார்க்கிறது. நான் அதன் வாயைப் பார்க்கிறேன். வாயோரத்தில் புண்ணும் நுரையில் சிவப்பும் தெரிந்தால், அந்த ஆட்டம் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதை எவரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்கின்றன. சவாரிக்கும் அந்தத் தடை உண்டு. ஆயினும் சட்டத்தைக் காட்டி மிரட்ட இதை எழுதவில்லை. அந்தக் கடிவாளம் பழக்கும் வேலைக்கே உதவாது என்பதுதான் என் வாதம்.

லகானை இழுத்தவுடன் நின்ற குதிரைக்கு அந்த நொடியே லகான் தளர வேண்டும். அந்தத் தளர்வுதான் அதற்குப் பாடம். நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், நின்றாலும் வலி, நிற்காவிட்டாலும் வலி என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்கிறது. நாளடைவில் வாய் மரத்துப்போகிறது, நாமோ இன்னும் கூரிய முள்ளைத் தேடிப் போகிறோம். ‘அடியாத மாடு படியாது’ என்பது மாட்டுக்கே சரியா என்பது எனக்கு ஐயம். ஆபத்தென்றால் ஓடித் தப்புவதையே இயல்பாகக் கொண்ட குதிரைக்கு நிச்சயமாகச் சரியில்லை.

ஒரு நூற்றாண்டுக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியது. கேள்வி கேட்பவரின் தலையில் ஏற்பட்ட மிகச் சிறிய அசைவைக் கண்டே அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று 1907இல் உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நிறுவினார். அவ்வளவு நுட்பமாக நம் உடலைப் படிக்கும் விலங்கிடம், காலையில் ஒருவர் தட்டிக்கொடுத்துப் பழக்கியதையே மாலையில் இன்னொருவர் சவுக்கால் கேட்டால், அது யாரை நம்பும்? ஆகவே ஒரு கொட்டிலில் எத்தனை கைகள் இருந்தாலும் சைகை ஒன்றாகவே இருக்க வேண்டுகிறேன்.

எல்லாக் குதிரைக்கும் ஒரே கால அட்டவணை பொருந்தாது என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். மிரளும் குதிரைக்குக் குடையையும் மேளத்தையும் தொலைவில் காட்டி, அது தலையைத் தாழ்த்தி மென்று அமைதியாகும் வரை காத்திருந்து, பிறகே நெருங்க வேண்டும். துடுக்கான குதிரையை நெடுநேரம் காக்கவைத்தால் அது சலித்து வேறு குறும்பு தேடும். முரண்டு பிடிப்பது என்று நாம் சொல்வதில் பாதி, கூராகிவிட்ட கடைவாய்ப் பல்லோ முதுகை அழுத்தும் சேணமோதான். குட்டியின் முதுகெலும்பு முதிர 5 அல்லது 6 வயதாகும் என்பதால், விலை கூடும் என்று 2 வயதிலேயே ஆட்டத்துக்கும் சவாரிக்கும் விடாதீர்கள்.

வாங்க வருவோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வயதறியக் குதிரையின் பல்லைப் பார்க்கிறீர்கள். உதட்டை விடுவதற்கு முன் நாக்கையும் வாயோரத்தையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.