மாப்பிள்ளையிடம் இதை வேறு மாதிரி பேசு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார், எனக்குக் கூச்சமாக இருக்கும். அதனால்தான் எழுத்தில் சொல்கிறேன்.

பையன் என்று ஸ்கேனில் தெரிந்ததிலிருந்து இந்தச் சர்கம்சிஷன் (ஆண் குழந்தையின் முன்தோலை வெட்டி எடுப்பது) பேச்சில்தான் உங்களுக்குள் மனக்கசப்பு என்றாய். "கண்டிப்பாகச் செய்யணும்" என்று மாப்பிள்ளை உடனே சொன்னாராம். ஏன் என்று கேட்டதற்கு, "என் மகன் என்னை மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். நீயோ அவருக்கு மருத்துவக் கட்டுரையாக அனுப்பிக்கொண்டிருக்கிறாய். அதை நிறுத்து கண்ணு. அவர் மனதில் ஓடுவது மருத்துவம் இல்லை.

மாப்பிள்ளை பிறந்து வளர்ந்த அமெரிக்காவில் 1987-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. அப்பாவுக்குச் செய்திருந்தால் 90 சதவீதம் மகன்களுக்கும் செய்தார்கள். அப்பாவுக்குச் செய்யாத வீடுகளில் 23 சதவீதம்தான். பெற்றோரின் முடிவோடு வேறு எதைவிடவும் அழுத்தமாக ஒட்டியிருந்தது அப்பாவின் உடம்புதான்.

அப்படியானால் மாப்பிள்ளையிடம் "இது தேவையில்லாத அறுவை" என்று நீ சொல்லும்போது அவர் காதில் என்ன விழும் என்று யோசித்துப் பார். "உன்னிடமிருந்து தேவையில்லாமல் ஒன்றை எடுத்துவிட்டார்கள், அதற்கு உன் அப்பா சம்மதித்தார்" என்றுதான் விழும். எந்த ஆண்பிள்ளை அதை நின்று கேட்பான்? "எனக்கு ஒன்றும் ஆகலையே, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றுதான் சொல்வான். மகனுக்கும் அதையே செய்துவிட்டால் தனக்கு நடந்தது சரி என்று ஆகிவிடும், தன் அப்பாவும் சரி என்று ஆகிவிடும். பாவம், அவர் காப்பாற்றப் பார்ப்பது அவர் அப்பாவை.

நாகப்பட்டினத்தில் நான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் டியூட்டி பார்த்த காலத்தில் நம்ம முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளைச் சுன்னத்துக்குக் கூட்டி வருவார்கள். புதுக் கைலி, சட்டையில் அத்தர் வாசனை. அத்தா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு "பிஸ்மி சொல்லு ராஜா" என்பார். ஊசி போடும் நேரம் பிள்ளை அத்தாவைப் பார்க்கும், அத்தா சுவரைப் பார்ப்பார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருக்கும். ஏன் செய்கிறோம் என்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது, அது மார்க்கம். வாப்பா, பாட்டனார், ஜமாஅத் என்று ஒரு வரிசையே அவருக்குப் பின்னால் நிற்கும். அப்படி இருந்தும் அந்த ஒரு நிமிஷம் அவருக்குத் தன் சின்ன வயசு ஞாபகம் வந்திருக்கும் என்றே நான் நினைப்பேன்.

உன் மாப்பிள்ளைக்கு அந்த ஞாபகமும் இல்லை, மார்க்கமும் இல்லை. பிறந்த ஓரிரு நாளில் ஆஸ்பத்திரியில் செய்துவிட்டார்கள். நினைவில் இல்லாததால் வலியே இருந்திருக்காது என்று நம்புகிறார். பச்சைக் குழந்தைக்கு வலிக்கும் கண்ணு. கனடாவில் டாக்டர் அன்னா டாடியோ குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், நாலு, ஆறு மாதத் தடுப்பூசியின்போது, பிறந்தவுடன் இதைச் செய்துகொண்ட பையன்கள் மற்றவர்களைவிட அதிகமாக வலியைக் காட்டினார்கள். வலிமருந்துக் களிம்பு தடவிச் செய்தவர்களிடம் அது குறைவாக இருந்தது.

இன்னொரு பயமும் அவருக்கு இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். முன்தோல் உள்ள உடம்பு அவருக்குப் பழக்கமே இல்லை. பையனைக் குளிப்பாட்டும்போது என்ன செய்வது, எப்படிக் கழுவுவது, ஐந்து வயதில் ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்வது? தனக்குத் தெரியாத ஒன்றுக்கு அப்பாவாக இருப்பது ஆம்பளைகளுக்குப் பெரிய திகில். இதை நான் தீர்த்து வைக்கிறேன், அவரிடம் சொல்லு: ஒன்றுமே செய்ய வேண்டாம். பிறந்த குழந்தைக்கு அந்தத் தோல் உள்ளே ஒட்டித்தான் இருக்கும். வெளியே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். யாரும் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கக் கூடாது, டாக்டரே ஆனாலும் வேண்டாம் என்று சொல்லு. வருஷக்கணக்கில் அது தானாகப் பிரியும்.

பள்ளிக்கூடத்தில் உடை மாற்றும் அறையில் கேலி செய்வார்கள் என்றும் சொன்னாராம். அவர் படித்த காலம் வேறு. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பிறந்த பையன்களில் 1979-இல் சுமார் 65 சதவீதத்துக்குச் செய்தார்கள், 2010-இல் அது 58 ஆகிவிட்டது. உன் பிள்ளை வகுப்பில் இரண்டு விதமும் இருக்கும்.

நோய்த் தடுப்பு என்று அவர் சொல்வதைப் பொய் என்று தள்ளிவிடாதே. ஆப்பிரிக்காவில் பெரிய ஆண்களிடம் நடந்த ஆய்வுகளில் எச்.ஐ.வி. தொற்று பாதிக்கு மேல் குறைந்தது உண்மை. அவர்கள் விஷயம் தெரிந்து தாங்களே சம்மதித்தவர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1971-இல் பிறந்த குழந்தைக்கு இதற்கு மருத்துவக் காரணம் இல்லை என்றது. 2012-இல் நன்மை சற்றுக் கூடுதல், ஆனாலும் எல்லாருக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு இல்லை, பெற்றோர் முடிவு செய்யட்டும் என்றது. அவசரம் எதுவும் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பையன் வளர்ந்து வேண்டுமென்றால் செய்துகொள்ளட்டும். என் மனசைக் கேட்டால், வேண்டாம் என்பேன்.

ஆனால் இதை வைத்து அவரை ஜெயிக்கப் பார்க்காதே. "இது ஆம்பளை விஷயம், நீங்களே பாத்துக்கோங்க" என்று ஒதுங்கியும் விடாதே. பிரசவத்தில் எல்லாம் உன் உடம்பில் நடக்கிறது, அவர் ஓரமாக நிற்கிறார். தனக்கென்று முடிவெடுக்க ஒன்று கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்வார். அவரைத் தொப்புள்கொடி வெட்டச் சொல்லு, முதல் குளியலை அவர் கையில் கொடு, பெயரில் அவர் அப்பா பெயரையும் சேர். அவருடைய அப்பா எப்படிப்பட்டவர், எதில் நீங்கள் அவரை மாதிரி என்று ஒரு நாள் சும்மா கேளு. பதில் சொல்ல நேரம் கொடு, நடுவில் பேசாதே.

அப்படியும் செய்தே தீருவோம் என்று இருவரும் முடிவெடுத்தால் உன்மேல் எனக்குக் கோபம் வராது. மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்ய வேண்டும், அதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள். பிறந்ததும் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று பார். இரு பக்கத்திலும் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு உண்டா என்று சம்பந்தி அம்மாவிடமும் விசாரி. நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை.

அன்புடன்,
அம்மா